ஆரலும் சாடும்: நீர் விலகிய இரு கரைகள்

நீர்ப் பற்றாக்குறை பற்றிப் பேசும் உலகக் கூட்டங்களில் இரண்டு நீர்நிலைகளின் படம் தவறாமல் திரைக்கு வரும். ஒன்று மத்திய ஆசியாவின் ஆரல் கடல். மற்றது ஆப்பிரிக்கச் சாஹேல் வறள்நிலத்தில் கிடக்கும் சாட் ஏரி. 1960-களில் நீலமாகப் பரந்திருந்ததையும் பிறகு சுருங்கிப் போனதையும் அடுத்தடுத்துக் காட்டுவார்கள். அதன்பின் வறுமை, நோய், அகதிகள், துப்பாக்கி. நீர் வற்றியது, வாழ்வு சிதைந்தது என்று இரண்டே வரியில் கதை முடிந்துவிடும்.

அப்படி முடிப்பது தவறு என்று நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் நீர் குறைந்தது உண்மை. ஆனால் குறைந்த காரணம் வேறு. குறைந்தபின் தரையில் மிஞ்சியது வேறு. மக்கள் அதைச் சமாளித்த விதமும் வேறு. இத்தனை வேற்றுமைக்கு நடுவே ஒன்று மட்டும் பொதுவாக நிற்கிறது. பிழைக்க மக்கள் கண்டெடுத்த வழிகளை இரண்டு இடத்திலும் அரசுகள் அடைத்தன. ஆறு வற்றினால் மனிதர் இடம் மாறுவார்கள், தொழில் மாற்றுவார்கள், புதுச் சந்தை தேடுவார்கள், தட்டிக் கேட்பார்கள். இவை நான்கும் உரிமைகள். இவற்றைப் பறித்துவிட்டுப் பழியை வானத்தின் மேல் போடுவதுதான் என்னை உறுத்துகிறது.

ஆரலின் கதையில் மழைக்குப் பெரிய பங்கில்லை. பாமிர் மலைப்பக்கமிருந்து வரும் ஆமு தரியா, தியான்ஷான் மலையிலிருந்து வரும் சிர் தரியா என்ற இரண்டு ஆறுகள் அதை நிரப்பின. 1960-ல் அதன் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர்; உலகின் நான்காவது பெரிய ஏரி அது. அந்த இரண்டு ஆறுகளின் நீரையும் பருத்திக்குத் திருப்புவது என்று சோவியத் ஒன்றியம் முடிவெடுத்தது. 1954-ல் வெட்டத் தொடங்கிய காரகும் கால்வாய் ஆமு தரியாவிலிருந்து துர்க்மேனியப் பாலைவனத்துக்குள் 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. கரையும் தரையும் பூசப்படாத மண் கால்வாய் என்பதால் வழியிலேயே ஏராளமான நீர் மணலுக்குள் இறங்கியது. 1960-ல் சுமார் 45 லட்சம் ஹெக்டேராக இருந்த பாசனப் பரப்பு 1990-க்குள் ஏறக்குறைய 70 லட்சம் ஹெக்டேராயிற்று. கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். பருத்தியின் விலை மீனின் விலையைவிட அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். கரையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

தெற்குக் கரையில் மொய்னாக் என்ற ஊர். இன்று அது உஸ்பெகிஸ்தானின் காரகல்பக்ஸ்தான் தன்னாட்சிக் குடியரசில் இருக்கிறது. அங்கே பெரிய மீன் டப்பா ஆலை ஒன்று இயங்கியது. 1950-களின் இறுதியில் ஆரலில் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் கிடைத்தது. கடல் ஊரைவிட்டு விலகத் தொடங்கியதும் முதலில் வாய்க்கால் வெட்டிப் பார்த்தார்கள். பின்வாங்கும் நீரைத் துறைமுகத்தோடு இணைக்க அந்த வாய்க்காலை மேலும் மேலும் நீட்ட வேண்டியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் மீன்பிடிப்பே நின்றது. ஆனாலும் ஆலையை மூடவில்லை. தொலைதூரக் கடல்களில் பிடித்து உறைய வைத்த மீன் ரயிலேறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தது. பாலைக்கு நடுவே நின்ற ஆலையில் வேறொரு கடலின் மீனை அறுத்துச் சுத்தம் செய்து டப்பாவில் அடைத்தார்கள் அந்த ஊர்க்காரர்கள். 1991-ல் ஒன்றியம் கலைந்தது. மீன் வரத்தும் நின்றது.

பொருளாதாரம் படித்த பலரும் இந்த ஏற்பாட்டை மூடத்தனம் என்று தள்ளுவதைப் படித்திருக்கிறேன். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கடலைப் பறித்த அதே அரசு, வேலை என்ற ஒன்றையாவது மக்களிடம் விட்டுவைத்தது. அவர்களிடம் அது விட்டுவைக்காதது வாய். ஏன் எங்கள் ஆறு எங்களிடம் வரவில்லை என்று கேட்க அங்கே இடமே இருந்ததில்லை. கசாக் கரை மீனவர்களையோ பால்காஷ் போன்ற பிற ஏரிகளுக்குக் குழு குழுவாக அனுப்பினார்கள். மீனைத் தேடிப் போனது உண்மைதான். போகும் இடத்தைத் தீர்மானித்தது வேறொருவர்.

இனி சாட் ஏரி. இதுவும் வெளியே வடியாத ஏரிதான். இதன் நீரில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், தெற்கிலிருந்து வரும் சாரி, லோகோன் ஆறுகளின் கொடை. 1960-களின் தொடக்கத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தது. 1970-களிலும் 1980-களிலும் சாஹேலை வாட்டிய வறட்சிகளில் அது மளமளவெனச் சுருங்கியது. 1980-களின் நடுவில் திறந்த நீர்ப்பரப்பு பழையதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. பாசனத்துக்கு இழுத்த நீரின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. மழை பொய்த்ததே முதல் காரணம் என்பதில் இப்போது பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். பாசனக் கனவுக்கே ஏரி பாடம் புகட்டியது. நைஜீரியா 67,000 ஹெக்டேர் பாசனத்துக்குத் தீட்டிய தெற்குச் சாட் திட்டத்தின் வாய்க்கால் வாய், ஏரி விலகிப் போனதால் வறண்ட தரையில் நின்றது.

இங்கேதான் இரண்டு கதைகளும் பிரிகின்றன. ஆரல் உவர்நீர்க் கடல். 1960-ல் லிட்டருக்கு 10 கிராம் அளவில் இருந்த உப்பு, தென்பகுதியில் 100 கிராமைத் தாண்டியது. நீர் விலகிய தரை உப்புப் பாலையாயிற்று. பருத்தி வயல்களிலிருந்து வடிந்து வந்த பூச்சிமருந்து எச்சமும் அந்த உப்போடு கலந்து காற்றில் பறந்தது. காரகல்பக்ஸ்தானில் இரத்தசோகையும் மூச்சுநோயும் காசநோயும் பெருகின. 1990-களின் இறுதியிலிருந்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அதன் தலைநகர் நூக்குஸில் காசநோய்க்காகப் பணியாற்றியது. சாட் ஏரியோ, இத்தனை வெயிலில் ஆவியாகியும் நன்னீராகவே இருக்கிறது. உப்பு அடிநிலத்து நீரோடு சேர்ந்து வடக்கே உள்ள பள்ளங்களை நோக்கிக் கசிந்துபோவதே காரணம். அதனால் நீர் இறங்கிய தரையில் ஈரமும் வண்டலும் மிஞ்சின. நம் ஊரில் நீர் வடிந்த ஏரி உள்வாயில் பயிர் வைப்பதுபோல், அங்கே விலகும் நீரின் பின்னாலேயே மக்காச்சோளமும் காராமணியும் சோளமும் ஏறின.

ஏரி சுருங்கிய காலத்தில் கரையில் மக்கள் குறையவில்லை; கூடினார்கள். வறட்சியில் அடிபட்ட உழவரும் மாடு மேய்ப்போரும் மீன்பிடிப்போரும் ஏரியைச் சுற்றியுள்ள நான்கு நாடுகளிலிருந்தும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒரே குடும்பம் நீர் நிறைந்தபோது வலை வீசும், வடிந்தபோது விதைக்கும், நடுவில் மாடு மேய்க்கும். தீவுகளில் வாழும் புதுமா மக்களிடம் கூரி என்ற மாட்டினம் உண்டு. அடிப்பக்கம் பெருத்த கொம்புகளோடு அந்த மாடுகள் தீவுக்குத் தீவு நீந்தும். மேய்ப்பவரும் கூடவே நீந்துவார். நைஜீரியாவின் மைதுகுரியும் சாட் நாட்டுத் தலைநகர் என்ஜமேனாவும் இந்த ஏரியின் மீனையும் தானியத்தையும் தின்றுதான் வளர்ந்தன.

அந்தப் பிழைப்பின் நுட்பத்தை அறிய ஒரே ஒரு தொழிலைச் சொல்கிறேன். ஏரிக்கு வடகிழக்கே மணல்மேடுகளுக்கு இடையில் காரத்தன்மையுள்ள சிறு குட்டைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் நீலப்பச்சையாக ஒரு பாசி படரும். இன்று உலகமெங்கும் ஸ்பைருலினா என்ற பெயரில் மாத்திரையாக விற்கும் அதே பாசி. கனெம்பு இனப் பெண்கள் விடியும் நேரத்தில் குட்டையில் இறங்கி அதைக் கலங்களில் மொள்ளுகிறார்கள். கரை மணலில் வட்டமாக ஆழமற்ற குழி தோண்டி அதில் ஊற்றுகிறார்கள். நீர் மணலுக்குள் இறங்கிப் பாசி மேலே தங்கும். உள்ளங்கையால் அதை நிரவி, கொஞ்சம் காய்ந்ததும் சதுரம் சதுரமாகக் கீறிப் பெயர்த்து வெயிலில் உலர்த்துகிறார்கள். தியே என்று பெயர். குழம்பில் கரைத்துத் தானியக் களியோடு உண்கிறார்கள். மிஞ்சியது சந்தைக்குப் போகிறது. ஆண்கள் அந்த நீரில் இறங்கக்கூடாது என்பது வழக்கம். இதில் அரசும் இல்லை, நன்கொடையும் இல்லை. வேண்டியதெல்லாம் குட்டைக்கு நடந்து போகவும் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் ஒரு வழி.

அந்த வழியை முதலில் குறுக்கிட்டது எல்லைக்கோடு. சாட் ஏரியை நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் என்ற நான்கு நாடுகள் பங்கிடுகின்றன. நீர் கிழக்கே விலகியதும் நைஜீரிய மீனவர்கள் அதைத் தொடர்ந்து போய், வறண்ட ஏரித்தரையில் தாரக் முதலான ஊர்களை அமைத்தார்கள். எல்லையைக் கடந்தோம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. ஏரியின் நடுவே கோடு யார் கண்ணுக்குத் தெரியும்? நைஜீரிய அரசு பின்னாலேயே வந்து பள்ளி நடத்தியது, மருத்துவ நிலையம் திறந்தது, வரி வாங்கியது. கேமரூன் 1994-ல் வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிற்று. 2002 அக்டோபர் 10 அன்று வந்த தீர்ப்பு, 1931-ல் பிரிட்டனும் பிரான்சும் தமக்குள் பரிமாறிக்கொண்ட குறிப்புகளின்படி உள்ள கோடே எல்லை என்றது. பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததால் உரிமை முதிர்ந்துவிட்டது என்ற நைஜீரியாவின் வாதம் நிற்கவில்லை. 2003 டிசம்பரில் நைஜீரிய நிர்வாகம் அந்த ஊர்களைவிட்டு விலகியது.

சட்டத்தின்படி தீர்ப்பில் நான் குறை காணவில்லை. பலம் உள்ள நாடு குடியேற்றத்தைக் காட்டி எல்லையை நகர்த்தலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் ஆப்பிரிக்கா முழுவதும் தீப்பற்றியிருக்கும். அங்கே வாழும் நைஜீரியர்களுக்குத் தொடர்ந்து பாதுகாப்பு அளிப்போம் என்று கேமரூன் கொடுத்த வாக்கையும் நீதிமன்றம் பதிவு செய்துகொண்டது. ஆனாலும் அந்த வழக்கின் வடிவத்தைப் பாருங்கள். வாதாடியவர்கள் இரு அரசுகள். நிலம் யாருக்கு என்பது கேள்வி. நீரைத் தேடி நடந்தவருக்கு, நடந்த இடத்தில் மீன்பிடிக்கும் உரிமை உண்டா என்பது நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வியே இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது வாக்குறுதி. உரிமைப் பத்திரம் இல்லை.

இரண்டாவது குறுக்கீடு கொடுமையானது. 2009-ல் மைதுகுரியில் வெடித்த போக்கோ ஹராம் கலகம் ஏரிக்கரைக்கும் பரவியது. 2015 ஜனவரியில் பாகா என்ற மீன்சந்தை ஊர் சூறையாடப்பட்டது. அதற்கு அரசுகள் அளித்த பதில், ஏரியின் பொருளாதாரத்தையே பூட்டுவது. கலகக்காரர்கள் மீன் வணிகத்தில் காசு பார்க்கிறார்கள் என்று சொல்லி நைஜீரிய ராணுவம் போர்னோ மாநிலத்தில் புகையிட்ட மீனின் வணிகத்தைத் தடுத்தது. நைஜர் 2015 பிப்ரவரியில் திஃபா பகுதியில் அவசரநிலை அறிவித்தது. மீன்பிடிக்கத் தடை, மோட்டார் சைக்கிளுக்குத் தடை, மிளகாய் வணிகத்துக்குக் கெடுபிடி. கோமாதுகு யோபே ஆற்றங்கரை மிளகாயைச் சிவப்புத் தங்கம் என்றே அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பயிரிட்டவருக்குப் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதில்தான். அதே ஆண்டு ஏப்ரலில் கரம்கா தீவில் நைஜர் படையினர் தாக்கப்பட்டதும், தீவுகளில் இருப்போர் எல்லாரும் சில நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கானோர் கடும் வெயிலில் கால்நடையாகக் கிளம்பினார்கள். வழியில் பசியாலும் தாகத்தாலும் உயிர்விட்டவர்கள் பற்றிச் செய்திகள் வந்தன.

மக்களைக் கொல்லும் கும்பலிடமிருந்து காக்கும் கடமை அரசுக்கு உண்டு. அதை மறுப்பவர் அந்த ஊர்களின் ரத்தத்தைப் பார்க்காதவர். ஆனால் பல ஆண்டுகள் நீண்ட அந்தத் தடைகளால் என்ன ஆயிற்று? வறட்சியையே வென்று நின்ற குடும்பங்கள் நிவாரண முகாமில் ரேஷனுக்கு நின்றன. ஏரிக்குத் திரும்பியவர்கள், அங்கே வரி வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க விடும் ஆயுதக் குழுவின் கையில் சிக்கினார்கள்.

மாநாட்டுப் படத்தின் பெரும்பிழையும் இங்கேதான் தெரிகிறது. ஏரி வற்றியதால் கலகம் வந்தது என்று அரசியல் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஏரி மிகக் குறைந்தது 1980-களில். 1990-களிலிருந்து மழை ஓரளவு திரும்பியது, ஏரியும் ஓரளவு மீண்டது. செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்துச் செய்த அண்மை ஆய்வுகள், ஏரி இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது என்ற கூற்றை ஏற்கவில்லை. நீர் வரத்து ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறுகிறது, அதுதான் இன்றைய சிக்கல். கலகம் வளர்ந்த ஆண்டுகள் ஏரி மீண்டுகொண்டிருந்த ஆண்டுகள். கெட்ட ஆட்சி, காவல்துறை அட்டூழியம், கவனிப்பாரற்ற வடகிழக்கு நைஜீரியா என்று தேட வேண்டிய காரணங்களை வறண்ட ஏரியின் படம் மறைத்துவிடுகிறது.

ஆரல் கரையில் துப்பாக்கிக் கும்பல் இல்லை. அங்கே பூட்டு வேறு வடிவத்தில் வந்தது. கடல் போன ஊரிலிருந்து தலைநகருக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால், தாஷ்கண்டில் குடியிருக்கப் பதிவு அனுமதி வேண்டும். வெளியூர்க்காரருக்கு அது எளிதில் கிடைக்காது. 2020-ல்தான் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. நாட்டைவிட்டுப் போக வெளியேறும் விசா வேண்டியிருந்தது. 2019-ல்தான் அது ஒழிந்தது. கடலை விழுங்கிய அதே பருத்தியைப் பறிக்க ஆண்டுதோறும் ஆசிரியரையும் செவிலியரையும் மாணவரையும் அரசு வயலுக்கு ஓட்டியது. பல ஆண்டுகள் சிறுவர்களையும். போகவேண்டிய இடத்துக்குப் போக விடவில்லை, போகவேண்டாத வயலுக்குப் போகச் சொன்னது. நகரும் உரிமையை இப்படி இரண்டு பக்கமும் முறித்ததை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கட்டாய உழைப்பு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். உஸ்பெக் மனித உரிமையாளர்கள் கைதையும் அடியையும் பொருட்படுத்தாமல் வயல்களுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். அதை வைத்து 300-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியை வாங்கமாட்டோம் என்று உறுதி எடுத்தன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கண்காணித்தது. ஆட்சி மாறியதும் சீர்திருத்தம் வந்தது. அரசே நடத்திய அந்தக் கட்டாயம் முடிந்தது என்று உறுதியானதும் 2022 மார்ச்சில் புறக்கணிப்பு விலக்கப்பட்டது. நாடுகளுக்கிடையே கையெழுத்தான எந்த நீர் உடன்பாடும் ஆரல் மக்களுக்குச் செய்யாத நன்மையை, உள்ளூர்ச் சாட்சியமும் வெளிநாட்டுச் சந்தையும் சேர்ந்து செய்தன. நாடுகளுக்கிடையிலான உறவில் மனித உரிமைக்கு வலு இல்லை என்று சொல்வோர் இதை மறக்கக்கூடாது.

ஆனால் அதே 2022-ன் ஜூலையில் நூக்குஸில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரிந்துபோகும் உரிமையைக் காரகல்பக்ஸ்தானுக்குக் கொடுத்த அரசமைப்புப் பிரிவை நீக்கும் முன்மொழிவுக்கு எதிர்ப்பு அது. அரசுக் கணக்கின்படியே 21 பேர் இறந்தார்கள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. வழக்கறிஞரும் இதழாளருமான தௌலத்முராத் தாஜிமுராதோவுக்கு 2023 ஜனவரியில் 16 ஆண்டு சிறை விதித்தார்கள். அது தண்ணீர்ப் போராட்டம் இல்லை. ஆயினும் கடலை இழந்த மக்களிடம், காகிதத்தில் மிஞ்சியிருந்த ஒரே பேரத்தையும் எடுக்கப் பார்த்தால் அவர்கள் கொதிப்பது எனக்குப் புரிகிறது.

உலக அமைப்புகள் இந்த இரண்டு நீர்நிலைகளையும் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கின்றன? சாட் ஏரிக்காக ஐ.நா. பாதுகாப்புச் சபை 2017 மார்ச் 31 அன்று 2349 எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது; அதில் பருவநிலை மாற்றத்தின் பாதிப்பையும் குறிப்பிட்டது. ஆரலுக்காகப் பொதுச்சபை 2021 மே மாதத்தில் அந்தப் பகுதியைச் சூழலியல் புதுமைகளுக்கும் தொழில்நுட்பங்களுக்குமான வட்டாரம் என்று அறிவித்தது. ஒன்றுக்குப் பாதுகாப்பு, மற்றதற்குத் தொழில்நுட்பம். சாட் கரைக்குப் படையும் நிவாரணமும் போயின. ஆரலின் வறண்ட தரையில் லட்சக்கணக்கான ஹெக்டேரில் சக்சவுல் புதர் நட்டார்கள். அதே தரையின் அடியில் எரிவாயு எடுக்கிறார்கள். புதர் புழுதியை அடக்குகிறது, நல்ல வேலைதான். ஆனால் கண்ணாடி எதுவானாலும் கரையில் வாழ்பவர் கேட்டுப் பெறவேண்டிய உரிமைக்காரராகத் தெரிவதில்லை. ஒன்றில் ஆபத்து, மற்றதில் பயனாளி.

ஒப்பந்தங்களும் இப்படியே. சோவியத் ஒன்றியம் கலைந்த சில வாரங்களில், 1992 பிப்ரவரி 18 அன்று, ஐந்து மத்திய ஆசிய நாடுகள் அல்மாட்டியில் கூடிப் பழைய சோவியத் நீர்ப்பங்கீட்டையே தொடர்வதாக ஒப்புக்கொண்டன. சண்டை வராமல் தடுத்த உடன்பாடு அது. அந்த நேரத்தில் சிறிய செயல் இல்லை. ஆனால் கடலைக் கொன்ற கணக்கே புதிய நாடுகளின் சட்டமாயிற்று. சாட் ஏரி ஆணையமோ 1964-லேயே பிறந்தது. 2012-ல் அது ஏற்ற நீர்ச் சாசனம் மக்களின் நீர் உரிமையைப் பேசுகிறது. எழுத்தளவில் ஆரலைவிடச் சாட் வெகுதூரம் முன்னால் நிற்கிறது என்பது என் கணிப்பு. மூன்றே ஆண்டில் வந்த அவசரநிலைத் தடைகள் அந்தச் சாசனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐ.நா.வின் 1966-ம் ஆண்டு இரு மனித உரிமை உடன்படிக்கைகளுக்கும் முதல் உறுப்பு பொதுவானது. எந்த மக்களிடமிருந்தும் அவர்களின் வாழ்வாதாரத்தை எந்த நிலையிலும் பறிக்கக்கூடாது என்கிறது அது. ஆரல் கரையின் இரண்டு நாடுகளும் சாட் கரையின் நான்கு நாடுகளும் அதை ஏற்றவை. 2010-ல் ஐ.நா. பொதுச்சபை குடிநீரையும் சுகாதாரத்தையும் மனித உரிமை என்று அறிவித்ததைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். குடிப்பதற்கான நீர் அது. மீன்பிடிக்க, விதைக்க, மாட்டை நீந்தவிட வேண்டிய நீருக்கு இந்த வாழ்வாதார வாசகமே சரியான பிடி. அதை யாரும் போதிய அளவு கையில் எடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆரலில் நல்லது நடந்த ஓர் இடமும் உண்டு. 1980-களின் இறுதியில் கடல் இரண்டாகப் பிரிந்தது. வடபகுதி முழுக்கக் கசாக்ஸ்தானுக்குள். உப்பேறிய அந்த நீரில், சோவியத் காலத்தில் அசோவ் கடலிலிருந்து கொண்டுவந்து விட்ட தட்டை மீன் மட்டும் தாக்குப்பிடித்தது. கசாக் மீனவர்களுக்கு அந்த மீனும் பழக்கமில்லை, அதற்கான வலையும் இல்லை. 1990-களில் டென்மார்க் மீனவர்கள் வந்து வலையும் பயிற்சியும் கொடுத்தார்கள். கைவிட்ட தொழிலுக்கு மக்கள் திரும்பினார்கள். அதே காலத்தில் சிர் தரியா நீர் தெற்கே ஓடி வீணாகாதபடி உள்ளூர்க்காரர்கள் மணலால் ஒரு கரை எழுப்பினார்கள். அது உடைந்தது, மறுபடி எழுப்பினார்கள். 1999 ஏப்ரலில் புயலில் முற்றாக அடித்துப் போயிற்று. ஆனால் கரை நின்ற காலத்தில் நீர் ஏறியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அந்தச் சாட்சியத்தின் மேல்தான் உலக வங்கிக் கடன் வந்தது. 2005-ல் 13 கிலோமீட்டர் நீளக் கோக்-ஆரல் அணை முடிந்தது. பல ஆண்டு ஆகும் என்று கணித்த நீர்மட்டம் ஓராண்டுக்குள் வந்தது. உப்பு குறைந்து நன்னீர் மீன்கள் ஆற்றிலிருந்து இறங்கின. இப்போது ஆண்டுக்குச் சில ஆயிரம் டன் மீன் பிடிக்கிறார்கள். மீனவர் முதலில் பிடிக்கத் தொடங்கி, ஊர் முதலில் கரை கட்டி, அரசும் வங்கியும் பின்னால் வந்த வரிசையே அதன் வெற்றிக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். தெற்கே பருத்தி ஆமு தரியாவை விடவில்லை. மொய்னாக்குக்குக் கடல் திரும்பவில்லை.

சாட் கரையில் அப்படிப்பட்ட சிறு முயற்சிகளைத் தேடுவதற்குப் பதில் பெருங்கனவு ஒன்று மேடை ஏறுகிறது. காங்கோ படுகையின் நீரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டிச் சாட் ஏரிக்குக் கொண்டுவரும் திட்டம் அது. இத்தாலிய நிறுவனம் ஒன்று பல பத்தாண்டுகளுக்கு முன் வரைந்தது. 2018 பிப்ரவரியில் அபுஜாவில் கூடிய மாநாடு அதை ஆதரித்தது. வற்றிக்கொண்டே போகிறது என்று நம்பினால்தான் இந்தக் கால்வாய்க்கு நியாயம் பிறக்கும். ஏரி நிரம்பினால் இன்று உள்வாயில் விதைக்கும் லட்சக்கணக்கானோரின் நிலம் மூழ்கும் என்பதையும் காங்கோ கரை மக்களின் சம்மதத்தையும் யார் கணக்கில் எடுத்தார்கள்? ஆரலைக் கொன்றதும் இப்படித் தொலைவில் போட்ட கால்வாய்க் கணக்குதான். சாட் கரைக்கு இன்று முதலில் வேண்டியது மீனையும் மிளகாயையும் தடையின்றி எல்லை தாண்ட விடுவது. அதுவும் கடினமாகிக்கொண்டு வருகிறது: மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பிலிருந்து நைஜர் 2025 ஜனவரியில் வெளியேறியது, போக்கோ ஹராமை எதிர்க்கும் ஏரிக்கரைக் கூட்டுப் படையிலிருந்தும் அதே ஆண்டு மார்ச்சில் விலகியது.

ஆமு தரியாவிலும் புதுக் கால்வாய் வருகிறது. ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு 2022-ல் குஷ் தேப்பா கால்வாயை வெட்டத் தொடங்கியது. 285 கிலோமீட்டர் நீளம், சுமார் 5.5 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம் தரும் நோக்கம். காரகும் போலவே இதுவும் பெரும்பாலும் பூசப்படாத மண் கால்வாய். ஆற்றுநீரில் ஒரு பங்கு ஆப்கன் மலைகளிலிருந்தே வருகிறது. பஞ்சத்தில் வாடும் பால்க், ஜோஸ்ஜான், ஃபர்யாப் மாகாண உழவருக்கு அதில் உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1992 உடன்பாட்டில் ஆப்கானிஸ்தான் இல்லை என்பதால் புதிய உடன்பாடு ஒன்று எழுதித்தான் ஆகவேண்டும். அதில் நாட்டுக்கு இத்தனை விழுக்காடு என்ற கணக்கோடு நிறுத்தக்கூடாது. ஆற்றின் கடைமடையில் இருப்போருக்கு எந்த ஆண்டிலும் குறைக்கக்கூடாத அளவு ஒன்றை எண்ணாகவே எழுத வேண்டும். அந்த அளவு வராவிட்டால் நூக்குஸிலும் மொய்னாக்கிலும் உள்ளவர்கள் தங்கள் அரசைத் தாண்டியும் முறையிட ஓர் ஆணையம் வேண்டும். முறையிட்டவரைச் சிறையில் தள்ளமாட்டோம் என்ற உறுதியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.